ரேவதியை அனுப்ப மாட்டேன்

பாஸ்கர்,

அன்புள்ள என்று போட மனசு வரவில்லை, அதனால் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். உன் பெண்டாட்டியும் உன் இரண்டு பிள்ளைகளும் இங்கே கும்மிடிப்பூண்டியில் என் வீட்டில் இருக்கிறார்கள். முந்தாநாள் போன் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவையும் உன் தெருவில் இரண்டு பெரிய மனுஷர்களையும் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். "ஊட்டு விஷயத்த பெரிசு பண்ணாதம்மா. அவள அனுப்பி வை. நான் பாத்துக்கினு போறேன்" என்றாய். நீ பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ கட் பண்ணிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதுவதும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை உன்னோடு வண்டியில் ஏறலாம் என்று இருக்கிற எல்லாரும் படிக்கட்டும். சித்தப்பாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது. அவருக்கு நீயே வாய்விட்டுப் படித்துக் காட்டு.

ரேவதி வந்த அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கேன்டீனில் மதியச் சாப்பாடு முடிந்து, அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறேன், வாசற்படியில் ரேவதி உட்கார்ந்திருக்கிறாள். சின்னவன் அவள் மடியில் தூங்குகிறான். மித்ரா பக்கத்தில் செருப்பில்லாமல் நிற்கிறாள், சுடுகிற சிமென்ட் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு. ரேவதியின் வலது கையில் பிள்ளையின் துண்டு சுற்றியிருந்தது. மீஞ்சூரில் ரயில் ஏறியதிலிருந்து அவள் அதை அவிழ்க்கவே இல்லையாம். இன்னா ஆச்சு என்று கேட்டேன். "பீரோ கதவுல மாட்டிக்கிச்சு அத்த" என்றாள். மித்ரா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா கை உள்ள இருந்துச்சு ஆயா. அப்பா கதவ சாத்துனாரு. அம்மா கத்துச்சு. அப்பா திரும்பியும் சாத்துனாரு" என்றாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை, பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். துண்டு சதையோடு ஒட்டிப் போயிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்துத்தான் பிரித்தேன். நடுவிரலும் மோதிரவிரலும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. ஒரு நகம் தொங்கிக்கொண்டிருந்தது. ரேவதி அழவில்லை, சின்னவன் முழித்துக்கொள்வான் என்று வாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அழுதேன். டாக்டரம்மா இரண்டு விரலிலும் எலும்பு நொறுங்கியிருக்கிறது, பழையபடி மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

அவள் செய்த குற்றம் என்னவென்று பெரிய மனுஷர்களுக்கும் தெரிய வேண்டும் இல்லையா? பள்ளிக்கூடம் லீவு விட்டிருக்கிறது. உனக்குக் காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஷிப்ட். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, ஷீட் போட்ட வீட்டில், அந்த அனலில் அவள் பகலைத் தள்ள வேண்டும். காலையில் பழைய சோற்றைக் கரைத்துக் கொடுப்பாள். பிறகு இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவிட்டு, அவை கும்மாளம் போடுகிற நேரத்தில் துணி துவைப்பாள். மதியம் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஒயர் கூடை போடுவாள். மித்ரா கத்தரிக்கோலால் ஒயரை அளந்து வெட்டிக் கொடுப்பாள், சின்னவன் அதை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க ஓடுவான். போனைச் சொம்பில் சாய்த்து வைத்து, கூடை போடுவதை வீடியோ எடுத்து நெட்டில் போடுவாள். அவள் முகம் தெரியாது. கையும் கூடையும் மட்டும் தெரியும், பிள்ளைகள் சத்தம் கேட்கும். கிளிப்பச்சையும் மஞ்சளுமாக அவள் போட்ட கூடையைப் பார்த்து ஊர் பேர் தெரியாத பெண்கள் எல்லாம் முடிச்சு எப்படி என்று கேட்டார்கள். எவனோ ஒருத்தன் வீடியோவுக்குக் கீழே, கை ரொம்ப அழகாக இருக்கிறது என்று எழுதிவிட்டான். உன்னோடு வேலை செய்கிறவன் டீ குடிக்கிற இடத்தில் அதைக் காட்டிச் சிரித்தான். நீ வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், எந்தக் கை அழகு என்று கேட்டாயாம். அவள் விளையாட்டுக்குக் கேட்கிறாய் என்று நினைத்து வலது கையை நீட்டிச் சிரித்தாளாம். சிரித்துக்கொண்டு நீட்டிய கையைத்தான் நீ இழுத்துக்கொண்டு போய்ப் பீரோவில் வைத்தாய்.

இப்போது என் வீட்டில் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். காலையில் குழாயில் தண்ணீர் வரும்போது பிள்ளைகள் எழுந்துவிடுகின்றன. ரேவதிக்கு நான் தலை பின்னிவிடுகிறேன். சோறு ஊட்டிவிட்டால் கூச்சப்படுகிறாள், இடது கையில் ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு தட்டோடு சண்டை போடுகிறாள். தர்பூசணி வெட்டிக் கொடுத்தால் சின்னவன் கொட்டையைச் சுவர் முழுக்கத் துப்புகிறான். நன்றாகத்தான் விளையாடுகின்றன. ஆனால் மித்ரா எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை. பாத்ரூம் கதவைக்கூட. நான் குளிக்கப் போனால் கதவிடுக்கில் தன் செருப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து காவல் காக்கிறாள். நேற்று சிப்காட் ரோட்டில் ஏதோ லாரி டயர் வெடித்தது. சின்னவன் காதைப் பொத்திக்கொண்டு ரேவதியின் புடவைக்குள் புகுந்தான். "அப்பா வண்ட்டாரா" என்று கேட்டான். பேச ஆரம்பித்தே கொஞ்ச நாள்தான் ஆகிறது. உன் வரவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அந்தச் சத்தம்தான், பாஸ்கர்.

உனக்கும் இப்படி ஒரு கோடை இருந்தது. நீ மறந்திருக்க மாட்டாய், மறந்த மாதிரி நடிக்கிறாய். உன் அப்பா இரும்பு உருக்கிற கம்பெனியில் இருந்தார். துவைத்துக் காயப்போட்ட துணியில் கறுப்புத் தூள் உட்கார்ந்திருக்கும், தெருவில் ஓடிவிட்டு வந்தால் உன் உள்ளங்காலும் உன் தங்கை அமுதாவின் உள்ளங்காலும் தார் பூசியது போல இருக்கும். வெளியே லாரி, உள்ளே புழுக்கம். இரண்டு பிள்ளைகளை மதியம் முழுக்க ஒரு அறையில் எப்படி அடைத்து வைப்பது? கேரம் போர்டை எடுத்துப் போட்டேன். நான் பொன்னேரியில் என் அண்ணன்களோடு ஆடி வளர்ந்தவள். தெருவில் எந்தப் பையனையும் தோற்கடிப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று இருந்த ஒரே சந்தோஷம் அதுதான். பவுடரைத் தூவி ஸ்ட்ரைக்கரை விரலில் வைத்தால் அடுப்பு, தண்ணீர், மாமியார் எதுவும் ஞாபகத்துக்கு வராது. உனக்கு விரல் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். கட்டையில் பட்டுத் திரும்பி வருகிற அடியைச் சொல்லிக் கொடுத்தேன். அமுதாவுக்குக் குழியில் விழுந்த காயைப் பொறுக்குகிற வேலை. சோறு அடுப்பில் குழைந்துபோகும், நாம் மூன்று பேரும் கவனிக்கவே மாட்டோம்.

உன் அப்பா ஆட உட்கார்ந்தால் மட்டும் நம் வீட்டுச் சட்டம் வேறு. சிவப்புக் காயை அவருக்கு விட்டுவிட வேண்டும். தப்பித் தவறி நம் கையில் விழுந்தாலும், அடுத்த காயைப் போடாமல் தவறவிட வேண்டும், அப்போது சிவப்பு திரும்பவும் நடுவுக்குப் போய்விடும். அதையும் உனக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எப்படி ஜெயிப்பது என்று மதியம், எப்படித் தோற்பது என்று சாயங்காலம். அவர் ஜெயித்தால் சட்டையைக் கழற்றிப்போட்டுவிட்டுச் சிரிப்பார், உங்களுக்கு ஐஸ் வாங்கித் தருவார். தோற்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்காக நான் வெட்கப்படவில்லை. அடி வாங்காமல் ஒரு நாளைக் கடத்த எனக்குத் தெரிந்த வழி அது. அதற்கு என்னை யாரும் கேள்வி கேட்க முடியாது.

அந்த மே மாதம் கம்பெனியில் உலையைப் பழுது பார்க்கிறார்கள் என்று அவர் பகல் முழுக்க வீட்டில் இருந்தார். கரண்டும் இல்லை. நான்கு பேரும் உட்கார்ந்து ஆடினோம். கடைசியில் சிவப்பும் இரண்டு காயும்தான் பாக்கி. நீ சிவப்பைப் போட்டாய். நான் உன்னைப் பார்த்தேன், கண்ணால் சொன்னேன், வேண்டாம் என்று. நீ என்னைப் பார்த்துவிட்டு, வேண்டுமென்றே, கட்டையில் அடித்துத் திருப்பி அடுத்த காயையும் போட்டாய். அமுதா கை தட்டினாள். உன் அப்பா முதலில் சிரித்தார். "எவன்டா இந்த அடிய சொல்லிக் குட்த்தது?" என்று கேட்டார். "அம்மாதான்" என்று நீ பெருமையாகச் சொன்னாய். அவ்வளவுதான். "பையனுக்கு ஆட்டம் கத்துக் குட்த்து எம்மேலயே ஏவி வுட்றியாடி" என்று போர்டை இரண்டு கையாலும் தூக்கினார். காயெல்லாம் சிதறித் தரையில் ஓடியது. அதன் மூலை என் கழுத்தெலும்பில் இறங்கியது. நான் தண்ணீர் டிரம்மில் சாய்ந்து விழுந்தேன். டிரம் கவிழ்ந்து வீடெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் எழ முடியாமல் வழுக்கிக்கொண்டே இருந்தேன், அவர் கண் மண் தெரியாமல் முதுகிலும் தலையிலும் அடித்துக்கொண்டே இருந்தார். கட்டை பிளந்து, பிளந்த கட்டையாலும் அடித்தார். அமுதா சத்தம் வராமல் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

நீ அவர் மணிக்கட்டைக் கடித்தாய். நாலாவது படித்துக்கொண்டிருந்தாய், எலும்பும் தோலுமாக இருப்பாய். அவர் கையை உதறினார், நீ விடவில்லை. சுவரில் வைத்து மோதினார், உன் தலை மோதிய சத்தம் எனக்கு இன்னமும் கேட்கிறது, நீ விடவில்லை. உன் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் பிய்த்தபோதுதான் விட்டாய். உன் பல்லெல்லாம் அவர் ரத்தம். அதைத் துப்பிவிட்டு, "எங்கம்மா மேல கைய வெச்ச, திரும்ப கடிப்பேன்" என்று சொன்னாய். தகப்பனை ஒருமையில் பேசினாய். நான் விழுந்த இடத்திலிருந்து உன்னைப் பார்த்தேன். அந்த வலியிலும் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. அந்தப் பல் தழும்பு அவர் சாகிறவரை போகவில்லை. போன வருஷம் அவரைக் கிடத்திக் குளிப்பாட்டியபோது மஞ்சள் தண்ணீரை அதன் மேலும் ஊற்றினேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, இப்போது சொல்கிறேன். நீ வீட்டில் இருக்கிறபோது அவர் என்னைத் தொடவில்லை. நீ பள்ளிக்கூடம் போன பிறகு தொட்டார். ஷிப்ட் முடிந்து வந்து, முதலில் உன் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் உள்ளே வந்து தாழ்ப்பாள் போடுவார். நீ சாயங்காலம் வந்து, "இன்னாம்மா கன்னம் வீங்கிக்குது" என்று கேட்டால் பல்வலி என்பேன். நீ நம்பினாய், நம்ப வேண்டும் என்றுதான் சொன்னேன். தெருவில் மற்றப் பெண்கள் எல்லாம் மே மாதத்தில் தலையில் அடித்துக்கொள்வார்கள், எப்போதுதான் இந்தப் பள்ளிக்கூடத்தைத் திறப்பார்களோ, இந்தப் பேஜாரைத் தாங்க முடியவில்லை என்பார்கள். நான் மட்டும் ஜூன் மாதம் வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வேன். உங்கள் இரைச்சல், சண்டை, சுவரெல்லாம் கரிக்கட்டைக் கிறுக்கல், நடு வீட்டில் கொட்டின தண்ணீர், அதெல்லாம் இருந்த வரைக்கும் என் மேல் அடி விழவில்லை. புது நோட்டுக்கு அட்டை போடும்போது லீவில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று எண்ணுவேன். வருஷத்தில் எனக்குக் கிடைத்த நிம்மதி அந்தக் கோடை லீவு, அதைக் கொடுத்தவன் நீ. ரேவதிக்கு அதுகூட இல்லை. லீவில், பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே, பிள்ளைகள் பார்க்கும்போதே நீ செய்தாய். உன் அப்பாவுக்கு இருந்த பயம்கூட உனக்கு இல்லாமல் போனது.

சித்தப்பா போனில் என்னிடம் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணி, ரத்தம் அப்டி. எங்க அண்ணன் புத்தி அவனுக்கு வந்துகிது. பொம்பளதான் அனுசரிச்சிக்கினு போவணும்" என்றார். எனக்கு உச்சி முதல் பாதம் வரை எரிந்தது. ரத்தமாம். அந்த ரத்தத்தை வாயிலிருந்து துப்பின பையனை நான் பார்த்திருக்கிறேன். தப்பு எது என்று யாரும் சொல்லாமலே அவனுக்குத் தெரிந்திருந்தது. இன்னும் சிலர் வளர்ப்பு சரியில்லை என்பார்கள், அம்மா செல்லம் என்பார்கள். அந்தப் பழியையும் நான் சுமக்கப் போவதில்லை. உன் அப்பா அடித்ததற்கு நான் காரணமில்லை, நீ அடித்ததற்கும் நான் காரணமில்லை. கிரேனில் உட்கார்ந்து அவ்வளவு பெரிய கன்டெய்னரை ஒரு கீறல் விழாமல் கப்பலில் இறக்குகிறாய். சூப்பர்வைசர் உன் அம்மாவை இழுத்துக் கெட்ட வார்த்தை பேசினால், சரி சார் என்கிறாய். நீயே சொல்லியிருக்கிறாய். அவன் கையை எந்தக் கதவில் வைத்துச் சாத்தினாய்? ஆக, கோபத்தை அடக்க உனக்குத் தெரியும். ரேவதியிடம் அடக்கத் தேவையில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறாய். எனக்கும்தான் கோபம் வருகிறது. கேன்டீனில் காய் நறுக்குகிற கத்தியோடு நாள் முழுக்க நிற்கிறேன், ஒருத்தனையும் குத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை யாரையும் கூட்டிக்கொண்டு வராதே. வந்தால் தெருவில்தான் நிற்பாய். பெரிய மனுஷர்கள் டீ குடித்துவிட்டு, இனிமேல் செய்யமாட்டான் என்று உனக்காகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் யாரும் உன் வீட்டுப் பீரோ பக்கத்தில் வந்து நிற்கப் போவதில்லை. பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்கி வராதே. வாசலில் உட்கார்ந்து அழாதே, உன் அப்பாவும் நன்றாக அழுவார். குடித்திருந்தேன் என்று சொல்லாதே, நீ குடிப்பதில்லை என்று எல்லாருக்கும் தெரியும். இனிமேல் ரேவதி என்ன செய்வாள் என்பதை அவள் சொல்வாள். உன்னோடு வாழ்வதா, வேண்டாமா என்று நானும் சொல்ல மாட்டேன், சித்தப்பாவும் சொல்ல முடியாது. அவள் இருக்கிற வரைக்கும் இந்த வீடு அவளுக்கு.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. நேற்றுக் காலையில் கேன்டீனுக்கு லீவு சொல்லிவிட்டு, ரேவதியை மகளிர் காவல் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வேண்டாம் அத்தை, அவருக்கு வேலை போய்விடும் என்றாள். ரயில்வே கேட் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். போனால் போகட்டும், கை போனால் வருமா என்று கேட்டேன். பிறகு அவள் என் முந்தானையை இடது கையால் பிடித்துக்கொண்டு நடந்தாள். உன்னைக் கூப்பிடுவார்கள். போ. ஒளியாதே. யார் என்ன சொல்லிக் கொடுத்தாலும் ரேவதியின் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே. கேட்டால், ஆமாம், செய்தேன், இரண்டு தடவை சாத்தினேன் என்று சொல். நீ என் பிள்ளை என்பதற்கு உன்னிடம் நான் இனிமேல் கேட்பது அது ஒன்றுதான்.

நீ ஸ்டேஷனில் தெரிந்துகொள்வதற்கு முன்னால் என் வாயால் தெரிந்துகொள் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். ரேவதியால் எழுத முடியாது, கையில் மாவுக்கட்டு. அவள் சொல்லச் சொல்ல அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் அம்மாவே எழுதினார். கதவு வருகிற இடத்தில் ரேவதி நிறுத்திவிட்டாள். மீதியை நான் சொன்னேன். மித்ரா சொன்னபடியே சொன்னேன், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடித்ததும் அவர் ரேவதிக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இன்னா வேணும்? பொண்ணோட அம்மாவா?"

"இல்லம்மா. பையனோட அம்மா."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்டியே எழுதிக்கோங்கம்மா" என்றேன்.